ஹாப்பி வேலி ரேஸ்: நுழைவுக்கட்டணம் 10 டாலர், ஓட்டு 200 பேருக்கு

ஹாங்காங்குக்கு வருகிற நம்மாட்களிடம் எங்கே போகலாம் என்று யாராவது ஒரு பட்டியல் கொடுத்தால் அதில் விக்டோரியா பீக் இருக்கும், டிஸ்னிலேண்ட் இருக்கும், லாண்டாவ் தீவின் பெரிய புத்தர் இருப்பார், அப்புறம் "புதன்கிழமை ஊரில் இருந்தால் ஹாப்பி வேலி ரேஸுக்குப் போய்விட்டு வா" என்பதும் கட்டாயம் இருக்கும். போய்வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் பீர், பாட்டு, விளக்கு வெளிச்சம், ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம், அவ்வளவுதான். இங்கே வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளை அவ்வப்போது அங்கே கூட்டிப் போகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குதிரைப் பந்தய இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அந்தப் பந்தயத்தை நடத்துகிற ஹாங்காங் ஜாக்கி கிளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதற்கு மார்க் போடுவது வாசகருக்குச் செய்கிற நியாயமில்லை.

முதலில் சேவை. காஸ்வே பேயில் இறங்கி நடக்கலாம், அல்லது 'ஹாப்பி வேலி' என்று போர்டு போட்ட டிராமில் ஏறினால் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். அந்தப் பகுதி இந்துக் கோயிலுக்குப் போய்ப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இடம் நன்றாகவே தெரியும். பொது நுழைவாயிலில் ஆக்டோபஸ் கார்டை (பஸ், டிராமுக்கெல்லாம் தட்டுகிற அதே கார்டு) தட்டினால் 10 ஹாங்காங் டாலர் (இங்கே டாலர் என்றால் எல்லாம் இதுதான்) போகும், உள்ளே போய்விடலாம். 18 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. இத்தனை விலைவாசி ஏறிய ஊரில், நாலு பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சூழ்ந்து நிற்க, நடுவில் வெள்ளை விளக்கில் பச்சைப் புல் மின்னுகிற அந்தக் காட்சியை 10 டாலருக்குப் பார்ப்பது மிக மலிவு. கம்பிவேலி ஓரமாக இடம் பிடித்தால் குதிரைகள் கடைசி வளைவைத் திரும்பி வரும்போது குளம்புச் சத்தம் காலுக்கடியில் அதிரும், கழுத்தில் வழிகிற வியர்வை தெரியும், ஜாக்கிகள் ஒருவரை ஒருவர் அதட்டுவது கூடக் காதில் விழும்.

பணம் கட்டுவதும் சுலபம். குறைந்தபட்சம் 10 டாலர். கவுன்ட்டரில் இருக்கிற பெண்கள் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், வேண்டாம் என்றால் எந்திரத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம். கழிப்பறை சுத்தம், வரிசை ஒழுங்கு, ஜெயித்த சீட்டுக்குக் காசு உடனே. ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், முதல்முறை போகிறவர்களுக்கு உதவும்: இந்த மைதானத்தின் சுற்று சிறியது, சுமார் 1,450 மீட்டர், வளைவுகள் நெருக்கம், அதனால் உட்பக்கக் கதவிலிருந்து புறப்படுகிற குதிரைக்குப் பொதுவாகக் கொஞ்சம் சாதகம் உண்டு. வெளிக்கதவில் நிற்கிற குதிரை வளைவுக்கு வளைவு கூடுதல் தூரம் ஓட வேண்டும். ரேஸ் புத்தகத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கதவு எண்ணும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

பீர் கூடாரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் பார்க்க வேண்டிய ஆட்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மேலே படிக்கட்டில், செய்தித்தாளின் ரேஸ் பக்கத்தை எட்டாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, காதில் ஒற்றை இயர்போன், கையில் சிவப்புப் பேனா, வயது அறுபதுக்கு மேல். ஒரு பெரியவரை நான் பந்தயத்துக்குப் பந்தயம் கவனித்திருக்கிறேன். குதிரைகளைச் சுற்றிக் காட்டும்போது அவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பெரிய திரையில் மாறிக்கொண்டே இருக்கிற விலைப்புள்ளிகள் மேல், அதாவது ஜெயித்தால் கட்டின பணத்துக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற எண்; ஒரு குதிரை மேல் நிறையப் பணம் விழுந்தால் அதன் விலை இறங்கும். பந்தயம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு குதிரையின் விலை சட்டென்று இறங்கியது. பேனாவால் ஒரு கோடு அடித்தார், எழுந்து எந்திரத்துக்கு ஓடினார். விலை சட்டென்று இறங்கினால் யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம், அது அவருடைய கணக்கு. இந்தக் கணக்கு ஏன் அவருக்கு வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். 10 டாலர் நுழைவுக்கட்டணம் விலையே இல்லை. உண்மையான விலை, கட்டுகிற பணத்திலிருந்து முதலிலேயே எடுத்துக்கொள்கிற பங்கு. 'வின்' (குதிரை முதலாவதாக வருமா), 'பிளேஸ்' (முதல் சில இடங்களுக்குள் வருமா) மாதிரி எளிய பந்தயங்களில் மொத்தமாகச் சேர்கிற பணத்தில் 17.5 சதவீதத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடுகிறார்கள். மூன்று குதிரை, நான்கு குதிரை வரிசையாகச் சொல்ல வேண்டிய சிக்கலான பந்தயங்களில் அந்தப் பிடித்தம் 25 சதவீதம் வரை போகிறது. இதே கிளப் நடத்துகிற மார்க் சிக்ஸ் லாட்டரியில் இன்னும் மோசம், விற்ற தொகையில் 54 சதவீதம்தான் பரிசாகத் திரும்புகிறது. இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று உண்டு: சில எளிய வகைப் பந்தயங்களில் ஒரே சீட்டில் 10,000 டாலருக்குக் குறையாமல் கட்டித் தோற்கிறவருக்கு 10 சதவீதம் தள்ளுபடியாகத் திரும்பக் கிடைக்கும். 2006-இல் பந்தய வரியை மாற்றியபோது கொண்டுவந்த ஏற்பாடு இது. பெரிய ஆட்கள் கள்ள புக்கிகளிடம் போய்விடக் கூடாது என்பது காரணம். படிக்கட்டுப் பெரியவர் 20, 50 என்று இரவு முழுக்கக் கட்டித் தோற்றாலும் அவருக்குத் தம்பிடி திரும்பாது. ஒரே கடை, ஏழைக்கு ஒரு விலை, பணக்காரனுக்கு ஒரு விலை.

வேறு கடைக்குப் போகலாமே என்றால், வேறு கடையே கிடையாது. அதுதான் விஷயம். ஹாங்காங் ஜாக்கி கிளப் 1884-இல் தொடங்கியது. அன்றைக்கு அது வெள்ளைக்காரர்களின் சங்கம், ஊர் ஜனத்தில் பெரும்பான்மையான சீனர்களை உறுப்பினராகச் சேர்க்கவே 1920-கள் வரை ஆகிவிட்டது. 1971-இல் தொழில்முறைப் பந்தயமாக மாறியது. 1970-களில் மைதானத்துக்கு வெளியே ஊருக்குள் கிளைகள் திறக்க அனுமதி கிடைத்தது, மார்க் சிக்ஸ் லாட்டரியும் அவர்கள் கைக்கு வந்தது. 2003-இல் கால்பந்துப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கியபோது உரிமம் இவர்களுக்கே. 2025-இல் கூடைப்பந்துப் பந்தயத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதுவும் இவர்களுக்கே. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் கள்ளச் சூதாட்டத்தை ஒழிப்பது. ஒவ்வொரு முறையும் நடந்தது ஒரே கல்லாப்பெட்டி இன்னும் பெரிதானது. சட்டம் இந்தக் கல்லாவைக் காக்கிற விதமும் கடுமை. உரிமம் இல்லாமல் புக்கி தொழில் செய்தால் 50 லட்சம் டாலர் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை. அந்த புக்கியிடம் போய்ப் பணம் கட்டுகிறவனையும் விடுவதில்லை, திரும்பத் திரும்ப மாட்டினால் 30,000 டாலர் அபராதமும் 9 மாதச் சிறையும் வரைக்கும் போகலாம்.

இந்தக் கல்லாப்பெட்டியின் சாவி யாரிடம்? பொதுக் கூண்டில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மேல்தளங்களில் கண்ணாடிக்குப் பின்னால் மேசை விரிப்பும் கோட்டு சூட்டுமாக இருக்கிறார்களே, அவர்கள் உறுப்பினர்கள். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் சுமார் 200 பேர்தான். அவர்கள்தான் 12 ஸ்டூவர்டுகள் கொண்ட நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிதாக ஒருவர் முழு உறுப்பினராக வேண்டும் என்றால் அந்த வட்டத்துக்குள் ஆள் முன்மொழிய வேண்டும். உறுப்பினராக இல்லாதவர் குதிரை வாங்கி ஓட விட முடியாது, உறுப்பினரே ஆனாலும் குதிரை வாங்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். 75 லட்சம் பேர் வாழ்கிற நகரத்தின் சட்டபூர்வமான குதிரை, கால்பந்துப் பந்தயங்களையும் மார்க் சிக்ஸ் லாட்டரியையும் நடத்துகிற அமைப்புக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு பந்திக்குக் கூடத் தேற மாட்டார்கள். காலனி நாட்களில் இங்கே ஒரு பேச்சு வழக்கம் உண்டு: ஹாங்காங்கை ஆள்பவர்கள் ஜாக்கி கிளப், ஜார்டின் கம்பெனி, ஹாங்காங் ஷாங்காய் வங்கி, கடைசியில் கவர்னர், அதுவும் அந்த வரிசையில். கவர்னர் 1997-இல் போய்விட்டார். கிளப் 1996-இலேயே பெயரிலிருந்த 'ராயல்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு அப்படியே தொடர்கிறது.

இனி ஊழல். படிக்கட்டுப் பெரியவரின் கணக்கு வெறும் சந்தேகப் புத்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1986-இல் இந்த ஊரின் ஊழல் தடுப்பு ஆணையம் ஒரு பெரிய பந்தய மோசடியைப் பிடித்தது. ஜவுளித் தொழிலில் பெரும்பணக்காரர் ஒருவர், அவரே குதிரைகளின் சொந்தக்காரர், அவரைச் சுற்றி ஜாக்கிகள், பயிற்சியாளர்கள் என்று ஒரு கூட்டம். பத்திரிகைகள் 'ஷாங்காய் கும்பல்' என்று பேர் வைத்தன. தூண்டியவர் மைதானத்துக்கு வெளியே நின்ற கள்ள புக்கி கிடையாது, லாயத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிற பக்கத்திலிருந்து வந்தவர், அதைக் கவனியுங்கள். அப்புறம், முன்பு மெல்பர்ன் கோப்பை ஜெயித்த ஆஸ்திரேலிய ஜாக்கி கிறிஸ் மன்ஸ் 2007-இல் இங்கே 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். எந்தக் குதிரை எப்படி ஓடும் என்று பணக்காரப் பந்தயக்காரருக்குத் தகவல் கொடுப்பது, பதிலுக்குத் தன் கணக்கில் பந்தயம் கட்டவைத்து வருகிற லாபத்தை வாங்கிக்கொள்வது, இதுதான் குற்றம். 2018-இல் நாஷ் ராவில்லர் என்ற ஜாக்கி தகவலுக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லி 15 மாதம் தடை செய்யப்பட்டார்.

மூன்றிலும் விலைபோனது உள்ளே இருப்பவர்களின் கைவசம் இருந்தது. பிந்தைய இரண்டில் அது சுத்தமாகத் தகவல்தான்: குதிரை காலையில் எப்படி ஓடியது, கால் நொண்டுகிறதா, இன்றைக்கு முழு வேகத்தில் விடப் போகிறார்களா என்பது. படிக்கட்டில் இருப்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது, அதனால்தான் அவர் குதிரையைப் பார்க்காமல் விலையைப் பார்க்கிறார்.

கிளப் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இங்கே குதிரைகள் கிளப்பின் லாயங்களில்தான் இருக்க வேண்டும், போதைமருந்துச் சோதனைக்கு உலகத் தரத்தில் ஆய்வகம் இருக்கிறது, பந்தயத்துக்குப் பந்தயம் ஸ்டூவர்டுகளின் (நிர்வாகக் குழுவினர் இல்லை, பந்தயத்தைக் கண்காணிக்கிற அதிகாரிகள்) அறிக்கை வெளியாகிறது, ஒரு குதிரை வளைவில் இடிபட்டது வரை எழுதுகிறார்கள். ஆசியாவில் இந்த அளவுக்கு ஒழுங்காக நடக்கிற பந்தயம் அரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டிப் பாருங்கள். பந்தயத்தை நடத்துவது கிளப். ஜாக்கிக்கும் பயிற்சியாளருக்கும் உரிமம் கொடுப்பது கிளப். லாயம் கிளப்புடையது. பணம் வாங்குகிற ஒரே கடை கிளப். தப்பு நடந்தால் முதலில் விசாரிப்பது, தண்டிப்பது கிளப். ஊழல் தடுப்பு ஆணையம் வெளியிலிருந்து வருகிறது, உண்மைதான், அது வந்தபோதெல்லாம் பெரிய மீன்கள் மாட்டியிருக்கின்றன. ஆனால் அன்றாடம் கண்காணிக்கிற கண், நடத்துகிற கையோடு ஒட்டியே இருக்கிறது. இது நல்லவர்கள் கையில் இருக்கும்வரை ஓடும் ஏற்பாடு.

இப்படியெல்லாம் கேட்டால் கிளப்பின் ஆதரவாளர்கள் சொல்கிற பதில் ஒன்றுதான்: லாபம் யார் பாக்கெட்டுக்கும் போவதில்லை, தர்மத்துக்குப் போகிறது. இதில் பொய் இல்லை. உள்ளூர்ப் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக நிற்கிற தொகையில் 72.5 முதல் 75 சதவீதம் அரசுக்கு வரி. 2023-24 நிதியாண்டில் வரி, லாட்டரி நிதி, நன்கொடை எல்லாம் சேர்த்துச் சுமார் 4,000 கோடி ஹாங்காங் டாலர் சமூகத்துக்குப் போனதாகக் கணக்கு, அதில் நன்கொடை மட்டும் 1,000 கோடிக்கு மேல். நீச்சல் குளம், மருத்துவமனைப் பகுதி, பல்கலைக்கழகக் கட்டடம் என்று இந்த ஊரில் திரும்பின இடமெல்லாம் கிளப்பின் பேர் பொறித்த பலகை இருக்கிறது. 1977-இல் திறந்த ஓஷன் பார்க் அவர்கள் பணத்தில் வந்தது. பழைய போலீஸ் தலைமையகத்தைப் புதுப்பித்து 2018-இல் திறந்த டாய் குவுன் கலை மையம் உண்மையிலேயே அருமை, அதைப் போய்ப் பாருங்கள், நுழைவு இலவசம்.

ஆனால் நன்கொடை கொடுப்பது அதிகாரமும் கூட. 2016 டிசம்பரில் அப்போது தலைமைச் செயலராக இருந்த கேரி லாம், மேற்குக் கவ்லூனில் அரண்மனை அருங்காட்சியகம் ஒன்று வரப்போகிறது என்று திடுதிப்பென்று அறிவித்தார். மக்களிடம் முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை. 350 கோடி டாலரைக் கிளப்பின் அறக்கட்டளை கொடுத்ததால் சட்டமன்றத்தில் போய் நிதி கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை. எதிர்ப்பு வந்தது, அப்புறம் ஒப்புக்குக் கருத்துக்கேட்பு நடந்தது, 2022-இல் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. அருங்காட்சியகம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. சட்டமன்றம் தாண்டிச் செலவு செய்ய அரசுக்கு ஒரு பக்கத்துப் பை இருக்கிறது, அந்தப் பை சட்டம் கொடுத்த ஏகபோகத்தால் நிரம்புகிறது, அதைத் திறப்பது 200 பேர் தேர்ந்தெடுத்த குழு. அந்தப் பணம் வரியாகக் கஜானாவுக்கு வந்திருந்தால் அதைப் பற்றி நாலு பேர் எழுந்து கேள்வி கேட்டிருப்பார்கள். இதுதான் என் மனசை உறுத்துகிற ஊழல், சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. சூதாட்ட அடிமைகளுக்கு ஆலோசனை தருகிற மையங்களுக்குப் பணம் தருகிற பிங் வோ நிதியும், 2003-இல் தொடங்கியது, கிளப்பின் பணத்தில்தான் ஓடுகிறது. கொடுக்கிறவன் கையைக் கடிக்க எந்த அமைப்புக்குத் துணிச்சல் வரும்?

ஏகபோகத்துக்கு ஆதரவான வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். அக்கம்பக்கத்தில் குதிரைப் பந்தயம் செத்துக்கொண்டிருக்கிறது. மக்காவ் ஜாக்கி கிளப் 2024 ஏப்ரலோடு மூடிவிட்டது. சிங்கப்பூரில் 1842-இல் தொடங்கிய பந்தயம் 2024 அக்டோபரில் கிராஞ்சி மைதானத்தில் கடைசியாக ஓடி முடிந்தது, நிலம் வீடு கட்ட அரசிடம் போகிறது. போட்டி வந்தால் இங்கேயும் வரி குறையும், கண்காணிப்பு தளரும், கள்ள புக்கிகள் புகுவார்கள் என்கிறார்கள், இருக்கலாம். இரண்டாவது கடை திற என்று நான் கேட்கவில்லை. ஒரே கடை என்று சட்டம் போட்டுக் கொடுத்த பிறகு அதைத் தனியார் சங்கம் மாதிரி நடத்தக் கூடாது என்கிறேன். ஓட்டு உள்ள உறுப்பினர் யார், எப்படி வந்தார், நன்கொடையை எந்த அடிப்படையில் யார் முடிவு செய்தார், இதெல்லாம் அரசு அலுவலகத்தில் கேட்பது மாதிரி கேட்க உரிமை வேண்டும். பந்தயக் குற்றங்களை விசாரிக்கிற குழு கிளப்பின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. 10,000 டாலர்க்காரருக்குத் தள்ளுபடி உண்டென்றால் 10 டாலர்க்காரருக்கும் வேண்டும்.

நம்மூர் வாசகருக்கு கிண்டி ஞாபகம் வரும். 1945-இல் போட்ட 99 ஆண்டுக் குத்தகை, 160 ஏக்கர், வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் 730.86 கோடி பாக்கியைக் கட்டச் சொன்னதும், 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்ததும் எல்லோரும் படித்ததுதான். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சங்கம், இரண்டும் ஊர் நடுவில் பொது நிலத்தில். ஆனால் கிண்டி கிளப் அரசுக்குத் தராமல் சண்டை போட்டது, ஹாங்காங் கிளப் அள்ளி அள்ளித் தருகிறது. தருகிற கிளப்பைக் கேள்வி கேட்பதுதான் இரண்டிலும் கஷ்டமான வேலை.

மதிப்பெண் கேட்டால், பந்தய இரவுக்கு 5-க்கு 4.5 தாராளமாகக் கொடுப்பேன். விலை நியாயத்துக்கு 2. வெளிப்படைத்தன்மைக்கு 1.5, அதுவும் ஸ்டூவர்டு அறிக்கைகளுக்காக. செப்டம்பரிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான் சீசன், ஆகஸ்டில் வருகிறவர்கள் ஏமாற வேண்டாம். கையில் எவ்வளவு என்று முடிவு பண்ணி அந்த நோட்டுகளோடு மட்டும் உள்ளே போங்கள், 'வின்', 'பிளேஸ்' தாண்டிப் போகாதீர்கள், பிடித்தம் அங்கேதான் குறைவு. கால்பந்துப் பந்தய ஆப்பை அங்கேயே இறக்கிக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.